சும்மா கிடந்த பணம்

பத்திரிகை வேலையிலிருந்து ஓய்வு பெற்று தூத்துக்குடிக்குத் திரும்பி ஆறு மாதம் ஆகியிருந்தபோது, வியாபாரிகள் சங்கத் தலைவர் என் வீட்டுக்கு வந்தார். ஊரில் பெரிய மொத்த மளிகைக் கடை வைத்திருப்பவர். ஊருக்கே அண்ணாச்சி என்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன். சங்கத்தின் சமூக சேவையாக இளைஞர்களுக்குப் பணத்தைக் கையாளும் பழக்கம் பற்றி வகுப்பு நடத்த வேண்டுமாம். அதை நான் எடுக்க வேண்டுமாம்.

"பயலுவ பூராவும் போனைத் தடவிக்கிட்டே அழியுதானுவ டீச்சர். பங்குங்கான், காயினுங்கான். ஒழைக்காம துட்டு வருமா? நீங்க பேப்பர்ல வியாபாரப் பக்கம் பாத்தவிய. நாலு நல்ல வார்த்தை சொல்லுங்க."

நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியதில்லை. ஆனால் நாசரேத்தில் படித்து, கண்ணாடி போட்டு, கல்யாண வீட்டில் ஓரமாக உட்கார்ந்து செய்தித்தாள் வாசிக்கிற பெண்ணுக்கு இந்த மாவட்டத்தில் டீச்சர் என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது. வியாபாரப் பக்கத்தில் நான் பார்த்த வேலையும் அப்படியொன்றும் பெரிதல்ல. தங்கம், வெள்ளி, உளுந்து, துவரம்பருப்பு விலைகளைப் பிழையில்லாமல் அச்சேற்றுவேன். சந்தை ஏறினால் முதலீட்டாளர்களிடம் நம்பிக்கை என்றும் இறங்கினால் அச்சம் என்றும் தலைப்பு வைப்பேன். இந்த இரண்டு சொற்களை வைத்து இருபத்தெட்டு வருடம் சம்பளம் வாங்கினேன். இதைவிடக் குறைந்த தகுதியோடு பொருளாதாரம் பேசுகிறவர்கள் தொலைக்காட்சியில் தினமும் வருகிறார்கள் என்பதால் ஒப்புக்கொண்டேன்.

சங்கக் கட்டடத்தின் மாடியில் சனிக்கிழமை தோறும் மாலை ஐந்து மணிக்கு வகுப்பு. கட்டணம் இல்லை. டீயும் மிக்சரும் உண்டு. அதே அறையை ஞாயிற்றுக்கிழமை காலையில் வெளியூரிலிருந்து வரும் பங்குச்சந்தைப் பயிற்சியாளர் ஒருவருக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். அங்கே நுழைவதற்கே கட்டணம். டீயோடு மக்ரூன் கொடுத்தார்கள். என் வகுப்புக்குப் பதினோரு பேர் வந்தார்கள். அவருக்கு நாற்காலி போதாமல் கல்யாண மண்டபத்திலிருந்து வேனில் இறக்கினார்கள்.

பயிற்சியாளருக்கு முப்பது வயது இருக்கலாம். மின்விசிறிக்கு அடியிலேயே சட்டை நனைகிற இந்த ஊரில், வைகாசி மாதத்தில், அவர் கோட்டுப் போட்டிருந்தார். கட்டடத்தின் முகப்பை மறைத்துக்கொண்டு அவருடைய பேனர் தொங்கியது. வாய் திறந்த சிப்பி, அதற்குள் முத்து இருக்க வேண்டிய இடத்தில் மேல்நோக்கிப் பாயும் பச்சை அம்பு. கீழே, "முத்து நகரமே, மூழ்கி எடு."

பேனர் எழுதியவருக்கு முத்துக்குளித்தல் எப்படி நடந்தது என்று யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. அது நின்றுபோய்ப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. நடந்த காலத்தில் சிப்பிகளைத் திறக்காமலே குவித்து வைத்து ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா என்பது விற்பவருக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது. மூழ்கி எடுத்தவன் தன் பங்குச் சிப்பியைப் பெரும்பாலும் கரையிலேயே விற்றுவிட்டு, வந்ததை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவான். ஏலம் எடுத்தவர் சிப்பி அழுகும் வரை பக்கத்திலேயே காத்திருந்து, பிறகு அந்தச் சகதியில் கைவிட்டுத் துழாவ வேண்டும். அந்த நாற்றம் பல மைலுக்கு வீசும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பேனரில் நாற்றத்தைக் காட்ட வசதியில்லை.

மூன்றாவது வாரத்தில் என் பதினோரு பேர் ஏழு பேராகச் சுருங்கினார்கள். நான் சொல்லிக்கொடுத்தவையும் ஆளைக் கட்டிப்போடுகிற சங்கதிகள் அல்ல. வரவில் ஒரு பகுதியைச் செலவுக்கு முன்பே எடுத்து வை. ஆறு மாதச் சாப்பாட்டுக்குப் பணம் இல்லாமல் எதிலும் முதலீடு செய்யாதே. உனக்கே விளக்கத் தெரியாத ஒன்றில் பணம் போடாதே. இவற்றைச் சொல்லும்போது என் குரல் எனக்கே மிக்சரைப் போலக் கரகரவென்று கேட்டது.

மிச்சமிருந்த ஏழு பேரில் மூன்று பேரைத்தான் இங்கே சொல்ல வேண்டும். ஒருத்தி துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் கப்பல் சரக்குக்கான காகிதங்களைத் தயார் செய்கிறவள். இருபத்தைந்து வயது, நாக்கில் தேன் தடவாதவள். இன்னொருவன் ஆலந்தலைக்காரன். அப்பாவுக்குப் படகு இருக்கிறது. இவன் டிப்ளமா முடித்துவிட்டுப் போனில் பங்குச்சந்தை ஆப்ஷன் வாங்கி விற்றுக்கொண்டிருந்தான். மூன்றாவது ஆள் அண்ணாச்சியின் கடையிலேயே வேலை பார்க்கும் தம்பி. சாத்தான்குளம் பக்கத்து ஊர். பத்தொன்பது வயதில் கடைக்கு வந்தவருக்கு இப்போது இருபத்தெட்டு. நாற்காலியை நிரப்புவதற்காக அண்ணாச்சி அனுப்பி வைத்த ஆள். ஒரு வகுப்பைக்கூட அவர் தவறவிடவில்லை.

அந்த மூன்றாவது வாரம் ஆளுக்கொரு தாள் கொடுத்து, உங்கள் பணம் இப்போது எங்கே இருக்கிறது என்று எழுதச் சொன்னேன். தொகை வேண்டாம், இடம் மட்டும் போதும். கிளியரிங் ஏஜென்சிப் பெண் வங்கி, நகைச் சீட்டு என்று எழுதி, மூன்றாவதாக ஏதோ மிருகத்தின் படம் போட்ட கிரிப்டோ காயினில் கொஞ்சம் என்றும் எழுதியிருந்தாள். அது என்ன மிருகம் என்று கேட்டேன். வாங்கும்போது தெரிந்தது, இப்போது மறந்துவிட்டது என்றாள். ஆலந்தலைக்காரன் "போனில்" என்று எழுதியிருந்தான்.

"எதைப் பாத்து வாங்குதே?" என்று அவனைக் கேட்டேன்.

"சார்ட் பாப்பேன் டீச்சர். ஆனா கச்சான் காத்து பலமா அடிச்சா அன்னைக்கு வாங்க மாட்டேன்."

"ஏன்?"

"அந்தக் காத்துல எங்க அப்பா கடலுக்குப் போவ மாட்டாவ."

ஏஜென்சிப் பெண் திரும்பிப் பார்த்தாள். "அப்ப மும்பைக்காரன் எல்லாம் உங்கப்பாட்ட போன் போட்டுக் கேட்டுட்டுத்தான் விக்கானா?"

"சிரிக்காத. போன வாரம் சரியா இருந்துச்சு."

"அதுக்கு முந்தின வாரம்?"

"அன்னைக்குக் காத்தே இல்ல."

கோட்டுப் போட்ட பயிற்சியாளரின் முறையைவிட இது மோசம் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லாததால் அடுத்த தாளை எடுத்தேன். கடைத் தம்பியின் தாளில் ஒரே ஒரு சொல் இருந்தது. "அண்ணாச்சியிடம்."

வெளியூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டும். இந்தப் பக்கத்து மளிகைக் கடைகளில் பழைய ஏற்பாடு ஒன்று உண்டு. வேலைக்குச் சேர்ந்தவருக்குத் தங்க இடம் கடையிலேயே. மத்தியானச் சாப்பாடு முதலாளி வீட்டிலிருந்து வரும். கைச்செலவுக்குக் கொஞ்சம் கொடுப்பார்கள். சம்பளம் மாதாமாதம் கைக்கு வராது, முதலாளியிடமே சேர்ந்துகொண்டிருக்கும். எட்டு, பத்து வருடம் கழித்து அதை மொத்தமாகக் கொடுத்து, சரக்கும் கொடுத்து, தனிக்கடை வைத்துவிடுவார்கள். இங்கிருந்து சென்னை வரைக்கும் தெருமுனைகளில் இருக்கும் மளிகைக் கடைகளில் பாதி இப்படி முளைத்தவைதான். இந்தத் தம்பி ஒன்பது வருடமாக அப்படிச் சேர்த்திருந்தார். ஆவணி மாதம் ஆறுமுகநேரியில் கடை போடுவதாகத் திட்டம்.

நான் அந்தத் தாளை உயர்த்திப் பிடித்து எல்லோருக்கும் காட்டினேன். பணத்தைத் தொடாமல் ஒன்பது வருடம் இருப்பது எப்படி என்று இவரிடம் கற்றுக்கொள்ளுங்கள் என்றேன். தம்பி தலையைக் குனிந்துகொண்டார். ஏஜென்சிப் பெண் மட்டும், "தொடாம இருக்காவளா, தொட முடியாம இருக்காவளா?" என்று கேட்டாள். நான் அதை இடக்கு என்று எண்ணி அடுத்த பாடத்துக்குப் போனேன்.

அடுத்த நாள் காலை, மாடியில் மறந்து வைத்துவிட்ட என் மூக்குக் கண்ணாடியை எடுக்கப் போனேன். பயிற்சியாளர் முழு வேகத்தில் இருந்தார். முதல் வரிசையில், நடுவில், நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டு எழுதிக்கொண்டிருந்தவர் அண்ணாச்சி. உழைக்காமல் வரும் பணத்தைப் பற்றி என் வீட்டில் வருத்தப்பட்ட அதே அண்ணாச்சி. என்னைப் பார்த்ததும் நோட்டை மூடிவிட்டு வாசலுக்கு வந்தார்.

"என்ன சொல்லிக்குடுக்கான்னு பாக்கத்தான் வந்தேன் டீச்சர். சங்கத் தலைவரா ஒரு பொறுப்பு இருக்குல்லா."

"முதல் வரிசையிலயா?"

"கண்ணு சரியாத் தெரியல." கொஞ்சம் நெருங்கி வந்து குரலைத் தாழ்த்தினார். "நீங்க பேப்பர்ல இருந்தவிய. ஒரு கால் எடுத்து வச்சிருக்கேன். ரெண்டு நாளா எறங்குது. வியாழக்கிழமைக்குள்ள ஏறுமா?"

கால் என்பது ஒரு பங்கின் விலை குறிப்பிட்ட நாளுக்குள் ஏறும் என்று கட்டும் ஆப்ஷன். அந்த நாளுக்குள் ஏறாவிட்டால் கட்டியது போய்விடும். எனக்குத் தெரியாது என்றேன். பத்திரிகைக்காரியிடம் இந்தப் பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை. கடைப் பணத்தை இதில் போடாதீர்கள் என்று மட்டும் சொன்னேன்.

"சே, கடைப் பணத்துல கை வப்பனா? இது சும்மா கெடக்க பணம்."

யாருடைய பணம் என்று நான் கேட்கவில்லை. புதிதாகச் சேர்ந்த நிருபர்கள் கொண்டுவரும் செய்திகளில் எத்தனையோ தடவை ஓரத்தில் "யாருடையது?" என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அன்று கண்ணாடி கிடைத்த மகிழ்ச்சியில் வீட்டுக்குப் போய்விட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, வகுப்பு முடிந்த பிறகும் தம்பி எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார். ஆறுமுகநேரிக் கடைக்காரர் அட்வான்ஸ் கேட்கிறார் என்றார். இரண்டு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் வேறு ஆளுக்கு விட்டுவிடுவாராம். சம்பளக் கணக்கிலிருந்து அதை மட்டும் தரும்படி அண்ணாச்சியிடம் மூன்று தடவை கேட்டாயிற்று.

"மூணு தடவையும் பொறுலேன்னுட்டாவ டீச்சர். முன்னால எல்லாம் அப்படிச் சொல்ல மாட்டாவ. எப்பப் பாத்தாலும் போனையே பாத்துக்கிட்டு இருக்காவ."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எவரும் கேட்காமல், கடைச் சரக்கிலும் சேராமல், ஒன்பது வருடமாகச் சும்மா கிடந்த பணம் அந்தக் கடையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது சும்மா கிடப்பதைத்தான் நான் தாளை உயர்த்திப் பிடித்துப் பாராட்டியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பார்த்ததையும் கேட்டதையும் அவரிடம் சொன்னேன். எங்களோடு அறையைப் பூட்டுவதற்காக நின்றிருந்த ஏஜென்சிப் பெண்ணும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தம்பி, "என் பணத்தையா?" என்றார்.

"அப்படித்தான் நினைக்கிறேன். கணக்கு எழுதி வச்சிருக்கீங்களா?"

"நோட்டுல இருக்கு."

"யார் நோட்டு?"

"அண்ணாச்சி நோட்டு."

"லேபர் ஆபீஸ்ல ஒரு மனு எழுதிக் குடுங்க. நான் டைப் அடிச்சுத் தாரேன்," என்றாள் ஏஜென்சிப் பெண்.

"குடுக்கலாம். குடுத்தவன்னு பேராயிட்டா நாளைக்கு எனக்கு யாரு பருப்பு தருவா, யாரு புளி தருவா? எல்லா மொத்த வியாபாரியும் அண்ணாச்சிக்குச் சொந்தம், இல்லன்னா சங்கம்." அவர் எழுந்துகொண்டார். "அந்தக் கடை இல்லன்னா எனக்கு இருபத்தெட்டு வயசுல ஒண்ணும் இல்ல டீச்சர். மொதல்ல மொத்தத்தையும் கேட்டுப் பாக்கேன்."

என் பாடத்திட்டத்தை வீட்டில் எடுத்துப் புரட்டினேன். சேமிக்க, பிரித்து வைக்க, பொறுத்திருக்க என்று எல்லாம் இருந்தது. உன் பணத்தை வைத்திருப்பவரிடம் போய் அதைத் திருப்பிக் கேள் என்று ஒரு வரி இல்லை.

அவர் கேட்டார். என்ன பதில் கிடைத்தது என்பதை அடுத்த சனிக்கிழமை ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னார்.

"ஒன்பது வருஷமா சோறு போட்டவன நம்பலையாலேன்னு கேட்டாவ. பொறவு, ‘டீச்சர் வகுப்புல என்ன சொல்லிக்குடுத்தாவ? அவசரப்படக் கூடாது, நீண்ட காலத்துக்கு வைக்கணும்னுதானே சொன்னாவ’ன்னாவ."

வராமலே என் வகுப்பை ஊன்றிக் கவனித்த ஒரே மாணவர் அண்ணாச்சிதான் என்பது இப்படித் தெரியவந்தது.

திங்கட்கிழமை முதல் தம்பி வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. வழக்கம்போலக் கடையைத் திறந்தார், மூட்டை இறக்கினார், பில் போட்டார். மத்தியானம் முதலாளி வீட்டிலிருந்து சாப்பாடு வந்தபோது மட்டும் எழுந்து போகவில்லை. காலையில் ஓட்டலில் கட்டி வாங்கிய புளிச்சோற்றுப் பொட்டலத்தை எடுத்து, கடை வாசலில், அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்து, சாலையைப் பார்த்தபடி சாப்பிட்டார்.

இதில் என்ன இருக்கிறது என்று வேறு ஊரில் கேட்பார்கள். இந்த வியாபாரத்தில் முதலாளி வீட்டுச் சோற்றைக் கடை ஆள் தொடவில்லை என்றால் கடைக்குள் ஏதோ அழுகுகிறது என்று பொருள். செவ்வாய்க்கிழமை எதிர்க்கடைக்காரர் பார்த்தார். புதன்கிழமை மார்க்கெட் முழுவதும் தெரிந்தது. பருப்பு அனுப்புகிறவர் போன் செய்து, அண்ணாச்சியின் உடல்நலத்தை விசாரித்துவிட்டு, இந்த லோடுக்கு மட்டும் முன்பணமாகக் கொடுத்துவிடும்படி கேட்டாராம். முதலீட்டாளர்களிடம் அச்சம் என்று நான் வருடக் கணக்காக எழுதியது எப்படி இருக்கும் என்பதை முதன்முறையாக அந்த வாரம்தான் கண்ணால் பார்த்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் எனக்குத் திடீரென்று வெந்தயம் தேவைப்பட்டது. நான் கடையில் நின்றபோது அண்ணாச்சியின் மனைவி ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் தூக்குச்சட்டி. கல்லாவில் இருந்த கணவரைப் பார்க்காமல் நேராக அரிசி மூட்டையிடம் போனார்.

"ஏலே, நாலு நாளா சோறு திரும்பி வருது. எங்க வீட்டுச் சோத்துல என்ன கொறையக் கண்ட?"

தம்பி எழுந்து நின்றார். "சோத்துல கொறை இல்ல மதினி."

"பொறவு?"

"சம்பளத்தக் கேட்டேன். அண்ணாச்சி சோத்தச் சொல்லுதாவ. அதான் சோத்த விட்டுட்டுக் கேக்கலாம்னு."

கடையில் ஆறேழு பேர் நின்றிருந்தோம். வெந்தயத்தை எடைபோட்ட ஆள் தராசிலிருந்து பொட்டலத்தை எடுக்க மறந்துவிட்டார். அண்ணாச்சியின் மனைவி திரும்பிக் கணவரைப் பார்த்தார்.

"இவன் சம்பளம் எங்க?"

"இருக்கு. மார்க்கெட் கொஞ்சம் எறங்கியிருக்கு. இப்ப எடுத்தா நட்டம். ரெண்டு மாசம் பொறுத்தா…"

"எந்த மார்க்கெட்டு? நம்ம மார்க்கெட்டா?"

அண்ணாச்சி கல்லா மேல் வைத்திருந்த போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அது அந்த அம்மாவுக்குப் போதுமான பதிலாக இருந்தது. தூக்குச்சட்டியைக் கல்லாவின் மேல் வைத்தார். "அவன் சாப்பிடுத வரைக்கும் இந்த ஊர்ல ஒருத்தன் உங்களுக்கு ஒரு கிலோ உளுந்து கடனுக்குத் தர மாட்டான். திருச்செந்தூர் ரோட்டுல வாங்கிப் போட்ட மனைய வித்துரலாம். பத்திரம் எங்கிட்டதான் இருக்கு," என்று சொல்லிவிட்டு வந்த ஆட்டோவிலேயே ஏறிப் போனார்.

மனை விலைபோக ஐந்து வாரம் ஆனது. அதற்கிடையில் என் வகுப்பின் நிறைவு விழாவும் நடந்தது. அண்ணாச்சி மேடையில் நின்று சிக்கனத்தைப் பற்றி இருபது நிமிடம் பேசி, ஏழு பேருக்கும் தன் கையாலேயே சான்றிதழ் கொடுத்தார். ஏஜென்சிப் பெண் மிருகக் காயினை நட்டத்துக்கு விற்றுவிட்டதாக என்னிடம் சொன்னாள். ஆலந்தலைக்காரன் காற்றை விட்டுவிட்டு அலையைப் பார்க்க ஆரம்பித்திருந்தான். எல்லோரையும் திருத்திவிட முடியாது. பயிற்சியாளரின் அடுத்த பேட்சுக்கான பேனர் அன்றே கட்டப்பட்டது.

தம்பிக்குச் சேர வேண்டியதில் முக்கால்வாசி அவர் பெயரில் புதிதாகத் திறந்த வங்கிக் கணக்குக்கு வந்தது. ஆறுமுகநேரி அட்வான்ஸ் அதிலிருந்து போனது. மிச்சக் கால்வாசிக்கு அண்ணாச்சியிடம் பணம் இல்லை, சரக்காக எடுத்துக்கொள் என்றார். ஏஜென்சிப் பெண் ஒவ்வொரு பொருளுக்கும் அன்றைய மொத்த விலையைப் போட்டுப் பட்டியல் டைப் அடித்துக் கொடுத்தாள். நானும் சாட்சியாகப் போயிருந்தேன்.

அண்ணாச்சியின் சரக்குக் கிட்டங்கியில் அன்று தம்பியைப் பார்த்தவர்கள் இவரா வகுப்பில் வாயே திறக்காமல் இருந்தவர் என்று கேட்டிருப்பார்கள். புளியை விரலால் நசுக்கி முகர்ந்து பார்த்தார். உளுந்தை உள்ளங்கையில் கொட்டி ஊதினார். மூன்று மூட்டையைத் திருப்பி அடுக்கச் சொன்னார். மூலையில் அண்ணாச்சி ஏதோ ஆசையில் வாங்கி, எட்டு மாதமாக விற்காமல் கிடந்த ஓட்ஸ் பெட்டிகள் இருந்தன. அவற்றையும் வேனில் ஏற்றச் சொல்லி ஆளுக்குக் கைகாட்டினார் அண்ணாச்சி.

"அது வேண்டாம் அண்ணாச்சி."

"ஏம்லே, நல்ல சரக்கு. இப்ப எல்லாரும் இதத்தான் திங்காங்க. வெல ஏறப் போவுது."

"ஏறட்டும். நீங்களே வச்சிருங்க. நான் விக்கப் போறது உப்பளத்துல வேல பாக்குதவியளுக்கு. அவிய வெயில்ல நின்னுட்டு வந்து ஓட்ஸா காச்சிக் குடிப்பாவ?"

ஓட்ஸ் இருந்த இடத்துக்குப் பருப்பு ஏறியது. அண்ணாச்சி பட்டியலில் கையெழுத்துப் போட்டார். நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். வேன் கிளம்பும்போது தம்பி முன் இருக்கையிலிருந்து தலையை வெளியே நீட்டினார்.

"அந்தப் பக்கம் வந்தா கடைக்கு வாங்க டீச்சர். வெந்தயம் நல்லதா வாங்கி வச்சிருப்பேன்." வண்டி நகர்ந்த பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவர்போல மறுபடியும் எட்டிப் பார்த்தார். "கடன் மட்டும் கிடையாது."